வேலிக்கு ஓணான் சாட்சி: ஆன்லைன் பல்கலைக்கழகங்களின் போலி அங்கீகாரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகம் உங்கள் வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வகுப்பும் இல்லாமல் தேர்வும் இல்லாமல் சில வாரங்களில் மாஸ்டர்ஸ் டிகிரி தருவதாகச் சொல்கிறது. அவர்களுடைய தளத்தில் நான்கு அங்கீகார முத்திரைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை கிளிக் செய்து போய்ப் பார்த்தால், அந்த அங்கீகார அமைப்பின் பட்டியலிலும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. முன்பணம் கொஞ்சம் கட்டியாகிவிட்டது, மீதியைக் கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டாதீர்கள். பெயரைக்கூடப் பார்க்காமல் இப்படிச் சொல்வது அவசரம் என்று தோன்றலாம். ஆனால் வகுப்பு, தேர்வு, ஆய்வு எதுவும் இல்லாமல் முழு மாஸ்டர்ஸ் தருகிறேன் என்று எந்த ஒழுங்கான பல்கலைக்கழகமும் சொல்லாது. அந்த ஒரு வரியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. இருந்தாலும் ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த முறை வரும் ஆள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசமாட்டான்.

முதலில், நீங்கள் சரிபார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. முத்திரையை கிளிக் செய்து அடுத்த தளம் வரை போயிருக்கிறீர்கள், பலர் அதுகூடச் செய்வதில்லை. சிக்கல் என்னவென்றால், நீங்கள் நடந்த பாதை அவர்கள் போட்டுவைத்த பாதை. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்று சொல்வார்களே, அச்சு அசலாக அதுதான் இது. பல்கலைக்கழகம் நல்லது என்று அங்கீகார அமைப்பு சொல்கிறது, அங்கீகார அமைப்பு பெரிய அமைப்பு என்று பல்கலைக்கழகம் சொல்கிறது, இரண்டு தளத்தையும் நடத்துவது ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் அதே நாலு பேர். மக்கள் 'அங்கீகாரம் இருக்கிறதா' என்று கேட்கப் பழகிய பிறகுதான் பட்டம் விற்பவர்கள் அங்கீகார அமைப்புகளையும் சேர்த்துத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தைச் செய்யத் தெரிந்தவனுக்கு அங்கீகார அமைப்பின் தளத்தைச் செய்வது அதைவிடச் சுலபம், பாடப்பிரிவு பக்கம்கூட வேண்டாம், ஒரு லோகோவும் ஒரு பட்டியலும் போதும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டு படிகளில் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தை யார் அங்கீகரித்தார்கள் என்பது முதல் படி. அப்படி அங்கீகரிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்பது இரண்டாவது. ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், போலிகளும் அதற்குத் தகுந்த மாதிரியே தயாராக இருக்கிறார்கள்.

இங்கே ஓர் அடிப்படை விஷயம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. உலகம் முழுவதற்குமான பல்கலைக்கழக அங்கீகார அமைப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. பட்டம் வழங்கும் உரிமை ஒரு நாட்டின் சட்டத்திலிருந்து வருகிறது: நாடாளுமன்றச் சட்டம், அரச சாசனம், அமைச்சகத்தின் அனுமதி, ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு, இப்படி ஏதோ ஒன்று. 'சர்வதேச', 'உலகளாவிய', 'ஆன்லைன் கல்விக்கான' என்ற சொற்களைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, எந்த நாட்டுக்கும் கட்டுப்படாமல் வானத்திலிருந்து குதித்த மாதிரி ஒரு அமைப்பு நிற்கிறது என்றால், அதன் முத்திரைக்குப் பட்டத்தைப் பொறுத்தவரை எந்த மதிப்பும் இல்லை.

போலிகள் பெரும்பாலும் அமெரிக்கப் பெயரோடு வருவதற்கும் காரணம் இருக்கிறது. மற்ற பல நாடுகளில் அரசோ அரசு ஆணையமோ நேரடியாக அங்கீகாரம் தருகிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே அங்கீகாரம் கொடுப்பவை தனியார், லாப நோக்கமற்ற அமைப்புகள். அந்த அமைப்புகளை அமெரிக்கக் கல்வித் துறையோ, சியா எனப்படும் உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலோ அங்கீகரிக்கும். அங்கே தனியார் அங்கீகார அமைப்பு இருப்பது சகஜம் என்பதால், புதிதாக ஒரு தனியார் அமைப்பின் பெயரைப் பார்த்தால் வெளியூர்க்காரருக்குச் சந்தேகம் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் குடியிருக்கிறது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? மறுமுனையிலிருந்து வாருங்கள். பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருக்கும் எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். அது எந்த நாட்டில் இருப்பதாகச் சொல்கிறதோ அந்த நாட்டின் கல்வி அமைச்சகத்தின் அல்லது ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, அங்கே இருக்கும் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். அமெரிக்கா என்றால் கல்வித் துறை 'டேப்பிப்' என்ற தரவுத்தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது, சியாவிடமும் தனியாக ஒன்று இருக்கிறது. பிரிட்டன் என்றால் பட்டம் வழங்க அதிகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 'டெக்சா' என்ற ஆணையத்தின் தேசியப் பதிவேடு. இந்தியாவில் யுஜிசி அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியலோடு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. ஆன்லைன் படிப்பு என்றால் பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தாலும் அந்தப் படிப்புக்குத் தனி அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவில் பார்க்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த நாடு என்றாலும் முதல் பார்வைக்கு உதவக்கூடியது, சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கம் யுனெஸ்கோவோடு சேர்ந்து நடத்தும் 'வெட்' என்ற உலக உயர்கல்வித் தரவுத்தளம். அதில் இருப்பதே அங்கீகாரம் ஆகிவிடாது. ஆனால் அது நாடுகளின் அதிகாரபூர்வ அமைப்புகள் தரும் தகவலை வைத்துத் தொகுக்கப்படுவது என்பதால், ஐம்பது வருடமாக இயங்குகிறேன் என்று சொல்லும் பல்கலைக்கழகம் அதில் இல்லை என்றால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

பெயரைத் தேடும்போது எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது பழைய தந்திரம். பெர்க்லி இருந்தால் பார்க்லி வரும், கொலம்பியா இருந்தால் கொலம்பியானா வரும். இந்த இரண்டும் நான் கற்பனையாகச் சொல்வதல்ல, கீழே சொல்லப்போகும் ஆக்ஸாக்ட் கம்பெனியின் சரக்கிலேயே இருந்தவை. இன்னும் சிலர் நிஜப் பல்கலைக்கழகத்தின் தளத்தை அப்படியே நகலெடுத்து, முகவரியில் ஒரு கோடு மட்டும் சேர்த்து ஓட்டுவார்கள். அதனால் பதிவேட்டில் பெயர் கிடைத்ததும் நிம்மதியாகிவிடாமல், பதிவேடு கொடுக்கும் இணைய முகவரியும் நீங்கள் பார்த்த தளத்தின் முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

அந்த அங்கீகார அமைப்பின் தளத்தையே உரசிப் பார்க்க வேண்டும் என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. போலி அமைப்புகள் தங்கள் பட்டியலில் தங்களுடைய கடைகளின் பெயர்களை மட்டும் போட்டால் பல்லிளித்துவிடும் என்று நடுநடுவே ஹார்வர்டு, ஆக்ஸ்ஃபோர்டு என்று பெரிய பெயர்களையும் சொருகிவைப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, ஹார்வர்டின் சொந்தத் தளத்துக்குப் போய் அது தன்னை யார் அங்கீகரித்ததாகச் சொல்கிறது என்று பார்ப்பது. நியூ இங்கிலாந்து உயர்கல்வி ஆணையம் என்று இருக்கும். உங்களுக்கு முத்திரை கொடுத்த அமைப்பின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்காது. அப்படியே அந்தப் பட்டியலில் மிச்சமிருக்கும், நீங்கள் கேள்விப்படாத பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரே மாதிரி பக்க அமைப்பு, ஒரே மாதிரி சாட் பெட்டி, தொப்பி அணிந்து சிரிக்கும் அதே மாணவி நான்கு தளங்களில் நான்கு பெயரில். 'எங்களைப் பற்றி' பக்கத்திலிருந்து ஒரு நீளமான வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அதே வாக்கியம் வேறு பல்கலைக்கழகங்களின் வாயிலும் வரும். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, எப்போது பதிவானது என்று ஹூயிஸ் என்ற முகவரிப் பதிவுத் தேடலில் பாருங்கள்: 1960களில் தொடங்கியதாகச் சொல்லும் பல்கலைக்கழகமும், அதை எண்பதுகளிலேயே அங்கீகரித்ததாகச் சொல்லும் அமைப்பும் போன வருடம் ஒரே வாரத்தில் டொமைன் வாங்கியிருந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பார்த்தால் சில சமயம் அதே முகவரியில் முன்பு வேறு ஏதோ வியாபாரம் நடந்திருப்பதும் தெரியும்.

டொமைனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முகவரி டாட் இடியு என்று முடிந்தால் உண்மையான பல்கலைக்கழகம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஓரளவுக்குத்தான் சரி. 2001லிருந்து டாட் இடியு பெயர்களை எஜுகாஸ் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது, அமெரிக்காவில் முறையான அங்கீகாரம் உள்ள நிறுவனங்களுக்குத்தான் புதிதாகக் கொடுக்கிறது. ஆனால் அந்த விதி வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள், தகுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். பிரிட்டனின் டாட் ஏசி டாட் யுகே கறாராக நிர்வகிக்கப்படுவது. அதே சமயம் வெறும் டாட் ஏசி என்பது அசென்ஷன் தீவுக்கு ஒதுக்கப்பட்ட முகவரி, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும், அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். டாட் யுனிவர்சிட்டி, டாட் காலேஜ், டாட் எஜுகேஷன் எல்லாமே காசு கொடுத்தால் யாருக்கும் கிடைப்பவைதான்.

அப்புறம் அந்த நான்கு முத்திரைகள். அவை என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வழக்கமாக வரிசைகட்டி நிற்பவை எனக்குத் தெரியும். முதலில் யுனெஸ்கோ. யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்தையும் அங்கீகரிப்பதில்லை, அதற்கு அந்த அதிகாரமே கிடையாது என்று அதுவே சொல்லியிருக்கிறது. 'யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பதே பொய்க்கு அத்தாட்சி, வேறு எதையும் பார்க்க வேண்டாம். அடுத்தது ஐஎஸ்ஓ 9001. அது ஒரு நிறுவனம் தன் வேலைகளை முறைப்படி நடத்துகிறதா என்பதற்கான தரநிலை. பொருள் தயாரிக்கும் கம்பெனியும் அதை வாங்கலாம், பட்டம் கொடுக்கும் அதிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்தது பிரிட்டனின் கல்வி வழங்குநர் பதிவேட்டில் கிடைக்கும் ஓர் எண். பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓர் அடையாள எண், அவ்வளவுதான், அது தரச்சான்று அல்ல. கம்பெனிப் பதிவுச் சான்றிதழை ஸ்கேன் செய்து 'அரசு பதிவு பெற்ற பல்கலைக்கழகம்' என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி ஆரம்பித்ததற்கான காகிதம் அது.

உறுப்பினர் என்பதும் அங்கீகாரம் என்பதும் வேறு வேறு. இதில் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். உதாரணத்துக்கு, வணிகக் கல்வியில் மதிப்புள்ள ஏஏசிஎஸ்பி அமைப்பில் உறுப்பினராக இருக்கும் எல்லாப் பள்ளிகளும் அதன் அங்கீகாரம் பெற்றவை அல்ல. அதன் தளத்திலேயே இரண்டையும் பிரித்துத் தேடலாம்.

இந்த வரிசையில் ஆட்களை மிக அதிகமாக ஏமாற்றுவது அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை வேறு நாட்டில் காட்டுவதற்காக அரசு வைக்கும் சான்று முத்திரை. 'எங்கள் டிகிரியை அமெரிக்க அரசே அட்டெஸ்ட் செய்து தரும், தூதரக முத்திரையோடு வரும், எந்த நாட்டிலும் செல்லும்' என்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் முத்திரை சில சமயம் நிஜமாகவே நிஜ முத்திரையாக இருக்கும். 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தப்படி கொடுக்கப்படும் அப்போஸ்டில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் காகிதத்தில் இருக்கும் கையெழுத்து இன்ன அதிகாரியின் கையெழுத்து, அவர் அந்தப் பதவியில் இருப்பவர். காகிதத்தில் எழுதியிருக்கும் விஷயம் உண்மையா என்பதை அது பார்ப்பதே இல்லை. எனவே அவர்கள் செய்வது இவ்வளவுதான். போலி டிகிரியின் ஒரு நகலை ஒரு நோட்டரியிடம் கொண்டுபோய், இது என் முன் காட்டப்பட்ட காகிதத்தின் நகல் என்று கையெழுத்து வாங்குவார்கள். பிறகு அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு அரசு அலுவலகத்தில் அப்போஸ்டில் வாங்குவார்கள். நோட்டரி நிஜம், அவர் கையெழுத்து நிஜம், அரசு முத்திரை நிஜம், நடுவில் இருக்கும் டிகிரி மட்டும் பொய். கையில் வாங்கிப் பார்ப்பவருக்குத் தங்க ரிப்பனும் சிவப்பு முத்திரையும்தான் கண்ணில் படும்.

இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஆக்ஸாக்ட் கதை போதும். கராச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மென்பொருள் கம்பெனி என்று சொல்லிக்கொண்டது. 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அதைத் தோண்டி எடுத்தபோது, கற்பனையான பல்கலைக்கழகங்கள், பள்ளிகள், அவற்றை அங்கீகரிக்கும் கற்பனையான அமைப்புகள் என்று 370 தளங்களாவது அதன் பின்னால் இருந்தது தெரிய வந்தது. பேராசிரியர்களாகவும் மாணவர்களாகவும் வீடியோவில் பேசியவர்கள் காசு வாங்கிக்கொண்டு நடித்தவர்கள். ஒருவர் டிகிரி வாங்கி முடித்ததோடு விட்டுவிடவில்லை. அமெரிக்க அரசு அதிகாரி பேசுகிறேன் என்று தொலைபேசியில் மிரட்டி, உன் டிகிரிக்குச் சட்டபூர்வச் சான்று வாங்காவிட்டால் சிக்கல் வரும் என்று மேலும் மேலும் பணம் கறந்தார்கள். கம்பெனியின் துணைத் தலைவர்களில் ஒருவர் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2017ல் 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2018ல் பிபிசி வெளியிட்டது இன்னொரு பக்கம்: 2013, 2014 இரண்டு ஆண்டுகளில் மட்டும் பிரிட்டனில் இருந்தவர்களுக்கு விற்கப்பட்ட போலித் தகுதிச் சான்றுகள் 3,000க்கும் மேல். வாங்கியவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். ஒரே ஆள் ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டு கட்டியிருந்தார். ஒரு காகிதத்துக்கு யாரும் அவ்வளவு பணம் கட்டமாட்டார்கள், முதல் காகிதம் வாங்கியது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்குத்தான் கட்டுவார்கள். இந்த வியாபாரத்தில் அசல் லாபம் அங்கேதான்.

ஒரு நாட்டின் அங்கீகாரத்தையே விலைக்கு வாங்கிய கதையும் உண்டு. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்திலிருந்து செயின்ட் ரீஜிஸ் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஒரு கும்பல் ஆயிரக்கணக்கானவர்களுக்கு டிகிரி விற்றது. அது லைபீரிய அரசின் அங்கீகாரம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டது, அந்தக் காகிதத்தை வாங்க லைபீரிய அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்திருந்தது. 2005ல் சோதனை நடந்தது, 2008ல் நடத்திய தம்பதிக்கு மூன்றாண்டுச் சிறை. இதனால் நான் ஒன்று சொல்வேன்: பல்கலைக்கழகம் ஒரு நாட்டில், அதன் அங்கீகாரம் இன்னொரு நாட்டில், பணம் வாங்கும் வங்கிக் கணக்கு மூன்றாவது நாட்டில் என்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள். காரணம் கேட்டால் அழகாகச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

படிக்காதவர்கள்தான் இதில் விழுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2004ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இப்படிப்பட்ட மூன்று கல்வி நிறுவனங்களின் மாணவர் பட்டியலை மட்டும் வாங்கிப் பார்த்தது. அதில் 463 பேர் மத்திய அரசு ஊழியர்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் உயர் பதவியில் இருந்த ஒருவரின் முனைவர் பட்டமே அப்படி வாங்கியதுதான் என்று தெரிந்து அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. இவர்களில் எத்தனை பேர் ஏமாந்தவர்கள், எத்தனை பேர் தெரிந்தே வாங்கியவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் நடுவில். பாதி தெரியும், மீதியைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

உங்கள் கேள்வியில் 'வேலை அனுபவத்துக்கு டிகிரி' என்று இருப்பதால் கோல்பி நோலனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோல்பி ஒரு பூனை. 2004ல் பென்சில்வேனியா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தினர் அந்தப் பூனையின் பெயரில் ட்ரினிட்டி சதர்ன் பல்கலைக்கழகம் என்ற ஒன்றுக்கு 299 டாலர் கட்டி இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பித்தார்கள். அனுபவம் என்ற இடத்தில் குழந்தை பார்த்துக்கொண்டது, பேப்பர் போட்டது என்று எழுதினார்கள். பதில் வந்தது: உங்கள் அனுபவத்தைப் பார்த்தால் நீங்கள் எம்பிஏவுக்கே தகுதியானவர், 399 டாலர் கட்டினால் போதும். கட்டினார்கள். பூனைக்கு எம்பிஏ வந்தது, நாலுக்கு மூன்றரை ஜிபிஏ என்று மார்க் ஷீட்டும் வந்தது. பிறகு வழக்குப் போட்டார்கள்.

ஆனால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. முன் கற்றலை மதிப்பிட்டுச் சில பாடங்களிலிருந்து விலக்குத் தரும் வழக்கம் நல்ல பல்கலைக்கழகங்களிலும் உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ஆதாரக் கோப்பு கேட்பார்கள், நேர்காணல் வைப்பார்கள், சில சமயம் அந்தப் பாடத்துக்கே தேர்வு எழுதச் சொல்வார்கள், எத்தனை கிரெடிட் வரை தரலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கும், மீதியை நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும். பிரிட்டனில் ஏற்கெனவே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை வைத்து முனைவர் பட்டம் தருவதுகூட இருக்கிறது, அதற்கும் தேர்வாளர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பிய அதே நாளில் 'வாழ்த்துகள், மதிப்பீட்டுக் குழு உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது' என்று மெயில் வந்தால் அங்கே குழு எதுவும் கிடையாது. சேல்ஸ் ஆள்தான் இருக்கிறார்.

தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் விஷயங்களையும் பாருங்கள். நிஜப் பல்கலைக்கழகத்தின் தளம் பொதுவாக அலங்கோலமாக இருக்கும். தேர்வு அட்டவணை, டெண்டர் அறிவிப்பு, விடுதிக் கட்டணம், ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு இரங்கல் என்று யாருக்கும் வேண்டாத ஆயிரம் விஷயம் கிடக்கும், பாதி லிங்க் வேலை செய்யாது. போலியின் தளம் பளபளவென்று இருக்கும், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் 'இப்போதே விண்ணப்பியுங்கள்' என்ற பொத்தானில்தான் போய் முடியும். பேராசிரியர்கள் பட்டியல் இருக்காது, இருந்தால் முதல் பெயர் மட்டும் இருக்கும், படத்தை எடுத்துத் தலைகீழ்த் தேடல் போட்டால் அது ஸ்டாக் போட்டோ என்று தெரியும். முழுப் பெயர் இருந்தால் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள்: அந்த ஆளின் ஒரு கட்டுரையாவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு வந்திருக்க வேண்டும். முனைவர் பட்டம் தருவதாகச் சொன்னால் அங்கே படித்தவர்களின் ஆய்வேடுகள் எங்கே என்று கேளுங்கள். பதிவாளர் யார், துணைவேந்தர் யார் என்று பாருங்கள். அஞ்சல் முகவரியை வரைபடத்தில் போட்டால் அது தபால் பெட்டி வாடகைக்கு விடும் கடையாகவோ, நூற்றுக்கணக்கான கம்பெனிகள் ஒரே கதவு எண்ணில் பதிவாகியிருக்கும் கட்டடமாகவோ இருக்கும்.

'இந்தப் பல்கலைக்கழகம் உண்மையா' என்று தேடினால் வரும் முதல் சில முடிவுகளையும் அப்படியே நம்பாதீர்கள். ஆக்ஸாக்ட் தன் பல்கலைக்கழகங்களைப் புகழ்ந்து தானே செய்தி மாதிரி எழுதிப் போட்டுவைத்தது, சிஎன்என் தளத்தில் பொதுமக்கள் எழுதும் பகுதியில்கூட. மதிப்புரைத் தளங்களையே இவர்கள் நடத்துவதும் உண்டு.

இத்தனையும் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா, அவர்களிடமே பேசிப் பாருங்கள், ஆனால் அங்கீகாரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் மனப்பாடமாக இருக்கும். எனக்கு 2012 தேதி போட்டு டிகிரி கிடைக்குமா என்று கேளுங்கள். எந்த நிஜப் பல்கலைக்கழகமும் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லாது. போலி உடனே சொல்லும், பல சமயம் அதற்குக் கூடுதல் கட்டணப் பட்டியலே இருக்கும். ஜிபிஏவைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. இளங்கலையும் முதுகலையும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி உண்டா என்பது மூன்றாவது. கல்விக் கட்டணம் என்பது பருவத்துக்கோ கிரெடிட்டுக்கோ இருக்கும். 'ஒரு டிகிரி இவ்வளவு' என்று விலை சொன்னாலே அது கடை. வேலை கொடுக்கும் கம்பெனி போன் செய்தால் நாங்களே வெரிஃபை செய்து தருவோம் என்று அவர்களாகவே முந்திக்கொண்டு சொன்னால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஜப் பல்கலைக்கழகம் சேரும்போதே அதைப் பற்றிப் பேசாது, பேச வேண்டிய தேவை அதற்கு இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அங்கீகாரம் இல்லாததெல்லாம் மோசடி அல்ல. புதிதாகத் தொடங்கியவை அங்கீகாரத்துக்குக் காத்திருக்கலாம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் சமயக் கல்வி மட்டும் தரும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு, அங்கே உண்மையாகவே பாடம் நடக்கலாம். அந்தப் பட்டம் வேறு இடத்தில் செல்லாமல் போகலாம், அது வேறு பிரச்சினை. நேர்மையான இடம் என்றால் தனக்கு அங்கீகாரம் இல்லை என்பதை மறைக்காது. அதே மாதிரி பட்டியலில் இருப்பதெல்லாம் நிஜம் என்பதற்கும் ஒரு விநோதமான விதிவிலக்கு இருக்கிறது. மிஷிகனில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்று ஒன்று இருந்தது, நிஜமான அங்கீகார அமைப்பின் பட்டியலிலேயே அதன் பெயர் இருந்தது, முத்திரையும் லத்தீன் வாசகமும்கூட இருந்தன. அதை நடத்தியது அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள், விசா மோசடியைப் பிடிக்கப் போட்ட வலை. 2019 தொடக்கத்தில் கைதுகள் நடந்தபோதுதான் வெளியே தெரிந்தது. சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்புகூட நடக்கவில்லை, ஒரு ஆசிரியர்கூட இல்லை. ஆக, பதிவேட்டில் பெயர் இருந்தாலும் பாடம் எங்கே, யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

இப்போது உங்கள் முன்பணத்துக்கு வருகிறேன். கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிட்டு, சேவை என்று சொன்னது போலி, பணத்தைத் திருப்ப வேண்டும் என்று சார்ஜ்பேக் கேளுங்கள், இதற்குக் காலக்கெடு உண்டு. தளத்தின் பக்கங்கள், சாட், மெயில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பேசுவதை நிறுத்துங்கள். முதலில் சண்டை போட்டால் சாட் மறைந்துவிடும். பாஸ்போர்ட் நகல், பழைய மார்க் ஷீட் எதையாவது அனுப்பியிருந்தால் அது அவர்கள் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து சைபர் குற்றப் பிரிவில் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள். டிகிரி தபாலில் வந்து சேர்ந்துவிட்டாலும் ரெஸ்யூமேயிலோ லிங்க்டுஇன்னிலோ போடாதீர்கள். டெக்ஸஸ் போன்ற இடங்களில் அப்படிப்பட்ட பட்டத்தைப் பயன்படுத்தி வேலை தேடுவதே குற்றம். மற்ற இடங்களிலும் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கினால், ஏமாந்தவர் என்ற அனுதாபம் உங்களுக்குக் கிடைக்காது, ஏமாற்றியவர் என்றுதான் பெயர் வரும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு போன் வரலாம். தூதரகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் டிகிரி சம்பந்தமாக ஒரு விசாரணை, இன்று மாலைக்குள் சட்டபூர்வச் சான்றுக் கட்டணம் கட்டிவிட்டால் கோப்பை மூடிவிடலாம் என்பார்கள். உங்கள் முழுப் பெயரும் கட்டிய தொகையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் நம்பத் தோன்றும். விற்றவர்களுக்கு அது தெரியாமல் எப்படி இருக்கும்? எந்தத் தூதரகமும் போனில் கட்டணம் வசூலிப்பதில்லை. பதில் சொல்லாமல் வைத்துவிட்டு, அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.